ஈழ அகதிகளும் இறுதிக்கால இறைவாக்கும்

பெருந்திரளான உயிரிழப்பிலிருந்து தப்பிய கிறித்தவர்கள், உலக முடிவைப் பற்றிப் பேசும் விவிலியப் பகுதிகளைத் தாங்கள் பட்ட துன்பத்தோடு சேர்த்துப் படிப்பது பல நாடுகளில் காணப்படுகிறது. கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியிலிருந்து தப்பியவர்களிடையே இது நிகழ்ந்தது. தமிழருக்கு மிக அருகில் உள்ள எடுத்துக்காட்டு, இலங்கைப் போரில் சிக்கிய ஈழத் தமிழ்க் கிறித்தவர்களுடையது. அவர்களில் பலர் அகதிகளாகச் சென்னைக்கும் வந்தனர். இறைவாக்கைக் கொண்டு ஒரு பேரழிவை எவ்வாறு விளக்கலாம், எவ்வாறு விளக்கக் கூடாது என்பதை அவர்களது வரலாற்றின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது.

சொல் விளக்கம்

இனப்படுகொலை என்பதற்கான ஐரோப்பிய மொழிச் சொல்லை 1944இல் உருவாக்கியவர் போலந்தைச் சேர்ந்த யூத வழக்கறிஞர் ரபேல் லெம்கின். 1948 டிசம்பர் 9 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இனப்படுகொலை உடன்படிக்கையை ஏற்றது. அதன்படி ஒரு தேசிய, இன, மரபு அல்லது சமயக் குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்துடன் செய்யப்படும் கொலை உள்ளிட்ட ஐந்து வகைச் செயல்கள் இனப்படுகொலை ஆகும். இறந்தோர் எண்ணிக்கை மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. அழிக்கும் நோக்கம் இருந்தது என்பதை மெய்ப்பிக்க வேண்டும்.

இறுதிக்கால இறைவாக்கு என்பது உலகின் முடிவு, இறுதித் தீர்ப்பு, கிறித்துவின் இரண்டாம் வருகை ஆகியவற்றைப் பற்றி விவிலியம் கூறுவது. பழைய ஏற்பாட்டில் தானியேல் நூல், புதிய ஏற்பாட்டில் மத்தேயு 24, மாற்கு 13, லூக்கா 21 ஆகிய அதிகாரங்கள், விவிலியத்தின் கடைசி நூல் ஆகியவை இதற்கு முதன்மையானவை. அந்தக் கடைசி நூலைத் தமிழ்ச் சீர்திருத்தச் சபையினர் வெளிப்படுத்தின விசேஷம் என்றும் கத்தோலிக்கர் திருவெளிப்பாடு என்றும் அழைக்கின்றனர். இரு பெயர்களும் மூலக் கிரேக்கச் சொல்லின் பொருளைச் சரியாகத் தருகின்றன. அச்சொல்லுக்குத் திரையை விலக்கிக் காட்டுதல் என்று பொருள். அழிவு என்ற பொருள் பிற்காலத்தில் ஏறியது.

சென்னைக்கு வந்தவர்கள்

1983 ஜூலையில் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையைத் தொடர்ந்து அகதிகள் பெருமளவில் தமிழ்நாட்டுக்கு வரத் தொடங்கினர். 1990, 1996, 2006 ஆகிய ஆண்டுகளில் புதிய அலைகள் வந்தன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் வந்தோர் 3 லட்சத்துக்கும் அதிகம். படகில் வந்தோரில் பெரும்பாலோர் ராமேசுவரம், தனுஷ்கோடிக் கரைகளில் இறங்கி மண்டபம் முகாம் வழியாக மாவட்ட முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். சென்னையையொட்டிப் புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாம்கள் உள்ளன. ஓரளவு வசதியோ உறவினர் துணையோ உள்ளவர்கள் காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு முகாமுக்கு வெளியே வாடகை வீடுகளில் குடியேறினர்.

வந்தவர்களில் இந்துக்களே மிகுதி. ஆயினும் மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு ஆகிய கரையோரப் பகுதிகளின் கத்தோலிக்கரும், யாழ்ப்பாணத்தின் சீர்திருத்தச் சபையினரும் கணிசமாக இருந்தனர். மயிலாப்பூரின் சாந்தோம் பேராலயம், அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரின் அன்னை வேளாங்கண்ணி ஆலயம், சைதாப்பேட்டைச் சின்னமலை ஆகியவை சென்னையில் வாழும் கிறித்தவர் எல்லாரும் கூடும் இடங்கள். ஊரையும் பங்குக் கோயிலையும் இழந்து வந்தவர்களுக்குத் தமிழிலேயே வழிபாடு கிடைத்தது ஓர் ஆறுதல்.

அகதிகளுக்கான நிறுவனப் பணியிலும் கிறித்தவர் பங்கு இருந்தது. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை 1984இல் தொடங்கிய சா. செ. சந்திரகாசன், இலங்கைத் தமிழரசுக் கட்சியின் தலைவராக இருந்த சா. ஜே. வே. செல்வநாயகத்தின் மகன். செல்வநாயகம் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த கிறித்தவர். இயேசு சபையின் அகதிகள் பணி அமைப்பை 1980 நவம்பரில் தொடங்கியவர் அச்சபையின் தலைவர் பேத்ரோ அருப்பே. வியட்நாமிலிருந்து படகில் தப்பியவர்களின் நிலையே அதற்குத் தூண்டுதல். கம்போடிய அகதிகளிடையே பணியாற்றிய அதே அமைப்பு பின்னர் தமிழ்நாட்டின் ஈழ அகதி முகாம்களில் குழந்தைகளின் கல்விக்கு உதவியது.

இறுதிக்கால நூல்கள் பிறந்த சூழல்

இந்நூல்களைப் புரிந்துகொள்ள அவை எழுந்த சூழலை அறிய வேண்டும். தானியேல் நூலின் பிற்பகுதி, கி.மு. 167 முதல் 164 வரை நான்காம் அந்தியோக்கு என்ற அரசன் யூத சமயத்தைத் தடைசெய்து துன்புறுத்திய காலத்தோடு தொடர்புடையது என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகியோர் தரும் இயேசுவின் உரை, எருசலேம் கோயிலின் அழிவை முன்னிட்டது. கி.பி. 70இல் உரோமைப் படை அக்கோயிலை இடித்தது.

திருவெளிப்பாட்டை எழுதிய யோவான், பத்மு என்ற தீவில் இருந்தபோது காட்சிகளைக் கண்டதாகத் தாமே கூறுகிறார். தம் நம்பிக்கையின் பொருட்டு அவர் அங்கு நாடுகடத்தப்பட்டிருந்தார் என்பது மரபு. கி.பி. 95 அளவில், தொமித்தியன் பேரரசனாக இருந்தபோது அந்நூல் எழுதப்பட்டது என்று பலர் கருதுகின்றனர். பேரரசை வெளிப்படையாகக் குறைகூற முடியாத நிலையில் அவர் உருவகங்களைக் கையாண்டார். பாபிலோன் என்று அவர் சொல்வது உரோமையை. 666 என்ற எண், எபிரேய எழுத்துகளின் எண்மதிப்பில் நீரோ மன்னனின் பெயரைக் குறிக்கிறது என்பது ஆய்வாளரிடையே பரவலான விளக்கம்.

எனவே இந்நூல்கள் துன்பத்துக்கு வெளியே இருந்தவர்கள் எழுதிய வருங்காலக் கணிப்புகள் அல்ல. துன்பத்தின் நடுவே இருந்தவர்கள் எழுதியவை. போரில் ஓடிய அனுபவம் உள்ளவர் மத்தேயு 24ஐப் படிக்கும்போது இது தெளிவாகும். வீட்டின் மேல்தளத்தில் இருப்பவர் பொருள் எடுக்க இறங்க வேண்டாம், வயலில் இருப்பவர் மேலாடைக்காகத் திரும்ப வேண்டாம் என்று இயேசு சொல்கிறார். கருவுற்ற பெண்களுக்காகவும் பால்குடிக் குழந்தையுடைய தாய்மாருக்காகவும் வருந்துகிறார். ஓடும் நாள் குளிர்காலத்தில் வராதிருக்க மன்றாடச் சொல்கிறார். 1995 அக்டோபர் 30 இரவு, படை நெருங்கி வந்ததால் யாழ்ப்பாணம் வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கானோர் கொட்டும் மழையில், செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தனர். அவர்களுக்கு இவ்வரிகள் மறைபொருள் உரைகளாகத் தோன்றியிருக்க முடியாது.

திருவெளிப்பாட்டின் 21ஆம் அதிகாரத்தில் வரும் புதிய உலகில் கடல் இல்லை. தீவில் அடைபட்டிருந்த யோவானுக்குக் கடல் என்பது தம் மக்களிடமிருந்து தம்மைப் பிரித்த எல்லை. 2009இன் முற்பகுதியில் நந்திக்கடல் ஏரிக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் மணல்திட்டில் நெருக்கப்பட்டவர்களுக்கும், இரவுப் படகில் பாக்கு நீரிணையைக் கடந்தவர்களுக்கும் அந்த உருவகம் எளிதில் விளங்கும். கடலையே நம்பி வாழும் மன்னார் மீனவருக்கோ அதே வரி புதிராக இருக்கும். படிப்பவரின் வாழ்நிலை ஒரு வரியின் பொருளை எப்படி மாற்றுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

தமிழ்க் கிறித்தவத்தில் இறுதிக்கால எதிர்பார்ப்பு

இரண்டாம் வருகையைப் பற்றிய ஆர்வம் தமிழருக்குப் புதியதன்று. திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தியான்பேட்டையில் வாழ்ந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் தலைமையில் 1860இல் எழுந்த சமய எழுச்சியில் இது முக்கிய இடம் பெற்றது. 1920களில் இலங்கையில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், வருகைக்கு ஆயத்தமாதலைத் தன் போதனையின் நடுவில் வைத்தது. பின்னாளில் அதன் தலைமையிடம் தாம்பரத்தை அடுத்த இரும்புலியூருக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி வகுத்த காலப்பகுப்புக் கொள்கையும், 1909இல் வெளியான ஸ்கோபீல்டு விளக்க விவிலியமும் உலக நிகழ்ச்சிகளை இறைவாக்கோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பின. போர், பஞ்சம், நிலநடுக்கம் எது நேர்ந்தாலும் கடைசிக்கால அடையாளம் என்று பிரசங்கிக்கும் வழக்கம் இவ்வழியே வலுப்பெற்றது.

மூன்று வகை வாசிப்பு

பேரழிவை இறைவாக்கோடு சேர்த்துப் படிப்பதில் மூன்று வகைகளைக் காணலாம்.

முதல் வகை, நாள் குறித்தல். நடப்பு நிகழ்ச்சிகளைக் கொண்டு முடிவு எப்போது என்று கணிப்பது. அமெரிக்காவின் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22ஐயும், ஹரால்டு கேம்பிங் 2011 மே 21ஐயும் குறித்தனர். இரண்டும் பொய்த்தன. அந்த நாளும் நேரமும் யாருக்கும் தெரியாது என்று மத்தேயு 24 தானே கூறுகிறது. இவ்வகை வாசிப்பில் வேறொரு குறையும் உண்டு. கொல்லப்பட்டவர்கள் ஒரு கால அட்டவணையின் குறியீடுகளாகச் சுருங்கிவிடுகிறார்கள். நடக்கவேண்டியது நடந்தது என்று சொன்னவுடன், யார் சுட்டார், யார் ஆணையிட்டார் என்ற கேள்வியும் மறைந்துவிடும்.

இரண்டாம் வகை, தண்டனை வாசிப்பு. பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று அழிவை விளக்குவது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இப்பேச்சு பல இடங்களில் எழுந்தது. விவிலியத்திலேயே இதற்கு மறுப்பு உண்டு. யோபுவின் துன்பத்துக்கு அவரது பாவமே காரணம் என்று வாதிட்ட நண்பர்களைக் கடவுள் கண்டிக்கிறார். லூக்கா 13இல், சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று இயேசு கூறுகிறார். 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணம் நவாலியில் புனித பேதுரு பவுல் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1999 நவம்பர் 20 அன்று மடு மாதா திருத்தலத்தில் தங்கியிருந்த அகதிகள் எறிகணை வீச்சில் மாண்டனர். கோயிலுக்குள் அடைக்கலம் தேடியவர்களைப் பற்றித் தண்டனை வாசிப்பு நேர்மையாகச் சொல்லக்கூடியது எதுவும் இல்லை.

மூன்றாம் வகை, சாட்சி வாசிப்பு. திருவெளிப்பாட்டின் 6ஆம் அதிகாரத்தில், கொல்லப்பட்டவர்களின் ஆன்மாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து இன்னும் எவ்வளவு காலம் என்று கடவுளிடமே முறையிடுகின்றன. 20ஆம் அதிகாரத்தில் நூல்கள் திறக்கப்பட்டு ஒவ்வொருவரின் செயலும் வாசிக்கப்படுகிறது. இதன்படி இறுதித் தீர்ப்பு என்பது, மறைக்கப்பட்டது எதுவும் மறைந்தே இருந்துவிடாது என்ற நம்பிக்கை. பதிவு செய்வதும் நினைவில் வைப்பதும் விசாரணை கோருவதும் இந்நம்பிக்கையின் நடைமுறை வடிவங்கள். யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் குருமுதல்வராக இருந்து, 1995 இடப்பெயர்வில் மக்களோடு இடம்பெயர்ந்து, பின்னர் ஜெர்மனியில் வாழ்ந்த அருட்தந்தை ச. ஜே. இம்மானுவேல், விடுதலைப் பயண நூலில் மோசே பார்வோனிடம் வைத்த கோரிக்கையைத் தம் ஆங்கில நூலுக்குத் தலைப்பாக்கினார். உலக முடிவைவிட மக்களின் விடுதலையே அவர் பார்வையில் முன்னின்றது.

மன்னார் ஆயரின் கணக்கு

சாட்சி வாசிப்புக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு. நெடுந்தீவில் 1940இல் பிறந்த இவர், 1992 முதல் 2016 வரை மன்னார் மறைமாவட்ட ஆயராக இருந்தார். இலங்கை அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 ஜனவரியில் மன்னாரில் கூடியபோது அவர் ஒரு கணக்கை முன்வைத்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் அரசு அலுவலகப் பதிவுகளின்படி வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2,82,380 பேர். இடைப்பட்ட 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார்.

அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் தீர்ப்புக் கூறவில்லை. கணக்கில் வராதவர்களுக்கு விளக்கம் வேண்டும் என்றார். அரசு இந்த எண்ணை ஏற்கவில்லை. அதன் 2011 கணக்கெடுப்பு மிகக் குறைந்த எண்ணிக்கையையே காட்டியது. ஐக்கிய நாடுகள் பொதுச்செயலரின் வல்லுநர் குழு 2011இல், இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்ற மதிப்பீட்டைப் புறக்கணிக்க முடியாது என்றது. 2012இல் வெளியான ஐக்கிய நாடுகளின் உள்ளக மீளாய்வு, 70,000க்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்ற தகவலைக் குறிப்பிட்டது. அரசுப் படையின் எறிகணை வீச்சோடு, விடுதலைப் புலிகள் பொதுமக்களை வெளியேறவிடாமல் தடுத்ததையும் சிறார்களைப் படையில் சேர்த்ததையும் வல்லுநர் குழு பதிவு செய்தது.

இறைவாக்கு எண்களைக் கொண்டு காலத்தைக் கணக்கிடுவோர் பலர். இந்த ஆயர் கணக்கிட்டது மக்களை. அவர் 2021 ஏப்ரல் 1 அன்று, பெரிய வியாழனன்று காலமானார்.

நடந்தது இனப்படுகொலையா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. வட மாகாண சபை 2015 பிப்ரவரி 10 அன்று அது இனப்படுகொலையே என்று தீர்மானம் நிறைவேற்றியது. 2013 மார்ச்சில் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாநோன்பு தமிழகமெங்கும் மாணவர் போராட்டமாகப் பரவியது. அம்மாத இறுதியில் தமிழ்நாடு சட்டப்பேரவை பன்னாட்டு விசாரணையும் பொதுவாக்கெடுப்பும் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. கனடா நாடாளுமன்றம் 2022இல் மே 18ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றது. இலங்கை அரசு இக்குற்றச்சாட்டை மறுக்கிறது. எந்தப் பன்னாட்டு நீதிமன்றமும் இதுவரை தீர்ப்பளிக்கவில்லை.

கம்போடியாவுடன் ஒப்பீடு

கம்போடியாவில் 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் ஏறத்தாழ 17 லட்சம் முதல் 20 லட்சம் பேர் இறந்தனர். கிறித்தவர் அங்கு மிகச் சிறுபான்மையினர். தலைநகர் புனோம் பென்னின் பேராலயம் இடிக்கப்பட்டது. ஜோசப் ச்மார் சலாஸ், நகரம் விழுவதற்கு 3 நாள் முன்பு முதல் கெமர் ஆயராகத் திருப்பொழிவு பெற்றார். 1977இல் நாட்டுப்புறத்தில் கட்டாய உழைப்பில் மடிந்தார்.

அந்நாட்டுப் பௌத்தர்களிடமும் ஓர் இறுதிக்கால மரபு உண்டு. புத் தும்னியே எனப்படும் வாய்மொழி இறைவாக்கில் வீடுகளும் தெருக்களும் ஆளின்றிக் கிடக்கும் காலம் வரும், அப்போது ஊமையாக இருப்பவரே பிழைப்பர் என்று கூறப்படுகிறது. கெமர் மொழியில் இலவ மரத்துக்கும் ஊமைக்கும் ஒலியளவில் ஒரே சொல். ஆகவே வீட்டில் இலவ மரம் நடு என்பது, வாய் திறக்காதே என்ற மறைமொழியாக அக்காலத்தில் வழங்கியது. தப்பியவர்கள் பலர் தம் துன்பத்தை முதலில் இம்மரபின் வழியாகவே புரிந்துகொண்டனர். தாய்லாந்து எல்லை முகாம்களில் கிறித்தவரானோர் பின்னர் விவிலியத்தின் வழியாகப் படித்தனர். எம்மரபாயினும் ஒரு கேள்வி பொதுவானது. அழிவு முன்பே சொல்லப்பட்டதென்றால், அதைச் செய்தவர் பொறுப்பாளியா இல்லையா?

துவோல் ஸ்லெங் சிறையின் தலைவனாக இருந்த துச் என்ற காங் குயெக் இயேவ் இக்கேள்வியைக் கூர்மையாக்கினான். ஆயிரக்கணக்கானோர் அச்சிறையிலிருந்து கொலைக்கு அனுப்பப்பட்டனர். 1990களில் கிறித்தவனாகத் திருமுழுக்குப் பெற்ற துச், விசாரணையில் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். ஆனால் 2009 நவம்பரில் விசாரணையின் கடைசி நாளில் தன்னை விடுவிக்கும்படி கோரியது உயிர் தப்பியோரை அதிரச் செய்தது. நீதிமன்றம் 2010இல் 35 ஆண்டும், மேல்முறையீட்டில் 2012இல் ஆயுள் தண்டனையும் விதித்தது. கடவுளின் மன்னிப்பும் மனிதரின் நீதியும் வேறு வேறு என்பதை இவ்வழக்கு காட்டியது.

அதே நீதிமன்றம் 2018 நவம்பரில் நுவோன் சியாவை வியட்நாமியர், சாம் முஸ்லிம்கள் ஆகியோர் மீதான இனப்படுகொலைக்கும், கியூ சம்பானை வியட்நாமியர் மீதான இனப்படுகொலைக்கும் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. கெமர் மக்களே கெமர் மக்களைக் கொன்றது மானிடத்துக்கு எதிரான குற்றம் என்ற பிரிவில் அடங்கியது. சட்டச் சொல் ஒன்றாக இல்லாவிட்டாலும் துன்பம் குறைவதில்லை என்பதை இதிலிருந்து மாணவர் அறியலாம்.

சொந்தத் தரப்பை நோக்கிய கேள்வி

விவிலிய இறைவாக்கினர் எதிரியை மட்டும் கண்டித்தவர் அல்லர். ஆமோசும் எரேமியாவும் தம் மக்களையே கடுமையாகக் கேள்வி கேட்டனர். இதன்படி, 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியதும் ஈழத் தமிழ்க் கிறித்தவரின் மனச்சான்றுக்கு முன் வரவேண்டியதே. இலங்கையின் கிறித்தவர் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பேர். அவர்களில் தமிழரும் சிங்களவரும் உண்டு. ஒரே நற்செய்தியைப் படிக்கும் இரு மொழியினர் ஒரே போரை வெவ்வேறாக நினைவுகூர்வது அங்குள்ள திருச்சபையின் தீராத சிக்கல்.

இன்றைய நிலை

மயிலாப்பூர் சாந்தோம் பேராலயம், மரபின்படி கி.பி. 72இல் பரங்கிமலையில் கொல்லப்பட்ட திருத்தூதர் தோமாவின் கல்லறை மீது எழுந்தது. உயிர்த்த இயேசுவின் உடலில் காயங்களைக் காணாமல் நம்பமாட்டேன் என்றவர் தோமா. நற்செய்தியில் அவர் கண்ட உடலில் காயங்கள் மறைந்திருக்கவில்லை. மறுவாழ்வு என்பது காயத்தை இல்லையென்று சொல்வதன்று என்று இறையியலார் இப்பகுதியை விளக்குவர்.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் அகதி முகாம்களின் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, வீடு, கல்வி உள்ளிட்ட உதவிகளுக்கு ரூ. 317 கோடித் திட்டத்தை அறிவித்தது. முகாம்களில் பிறந்து வளர்ந்த இரண்டாம், மூன்றாம் தலைமுறையினரில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை. இலங்கையில் 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலின் முன் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டத்தில் இந்துத் தாய்மாரும் கிறித்தவத் தாய்மாரும் பிள்ளைகளின் படங்களோடு அருகருகே அமர்ந்தனர். விடை கிடைக்காமலே அவர்களில் பலர் இறந்துவிட்டனர். பலிபீடத்தின் கீழிருந்து எழுந்த அதே கேள்வியை எஞ்சியோர் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.